நீர்மொழியின் தனி அறை

2021ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை முதலே மெல்லிய தூறல் விழுந்துகொண்டிருந்தது. கிழக்கிலிருந்து ஈரக்காற்று வீசியது. நெடுங்கரைக் காட்டின் ஏரியில், நீர்மொழி என்னும் கூழைக்கடா தன் இணையதளத்தைத் திறக்க முயன்று முயன்று சலித்துப்போயிருந்தது.

அத்தளம் எளியது. நாற்பத்தோர் ஏரிகளுள் எவற்றில் நீர் உண்டு, எவை வறண்டன என்பதை வடக்கிலிருந்து வரும் பறவைகளுக்கு அது தெரிவிக்கும். அன்று அது திறக்கவே இல்லை. செய்தி அறியாத நாரைக் கூட்டம் ஒன்று வறண்ட ஏரியில் இறங்கியது. களைத்துப்போன மூன்று நாரைகள் மீண்டும் எழவில்லை.

காரணம் குரங்குகள். அருவிக்குப் பின்னே ஒரு குகை. அதில் ஒரு வழங்கி. தளங்களைத் தன்னுள் வைத்திருந்து, கேட்பவர்க்கு எடுத்துக் காட்டும் பெருங்கணினியே வழங்கி. வரையன் என்னும் யானை அதனைக் காத்துவந்தது. காட்டு விலங்குகளின் இருநூறு தளங்களும் அதனுள் ஒரே பொதுக்கூடத்தில் இருந்தன. கருங்குரங்குகளின் தலைவன் கடுவன், பலாப்பழம் தின்னும் போட்டியின் காணொளியை அன்று வெளியிட்டது. காடே திரண்டு பார்த்தது. வழங்கியின் வலிமை முழுவதும் பலாப்பழத்துக்கே போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தாயிரம் வரித்தலை வாத்துகள் தம் குஞ்சுகளோடு வடக்கு மலையை அடையவிருந்தன. அதன் உச்சியில் மாலை ஐந்து மணிக்கு ஒரே ஒருமுறை தளத்தைப் பார்ப்பது அவற்றின் வழக்கம். பார்த்தபின் இரவெல்லாம் பறந்து விடியலில் இறங்கும்வரை அவை திரும்பப் பார்ப்பதில்லை.

நீர்மொழி குகைக்குப் பறந்தது. குரங்குகளை வெளியேற்றும்படி வேண்டியது. அவை விதி எதனையும் மீறவில்லை என்று வரையன் மறுத்துவிட்டது. தனக்கென்றே ஒரு முழு வழங்கி தரும்படி நீர்மொழி கேட்டது. அதற்கு இன்னொரு குகை வேண்டும், மின்சாரம் தர இன்னோர் அருவி வேண்டும். ஒரு கூழைக்கடா நீந்துவதற்குக் கடல் எதற்கு என்று வரையன் சிரித்தது.

"இதே வழங்கிக்குள் உனக்கு ஒரு தனி அறை தருகிறேன், அம்மா. மெய்நிகர் தனி வழங்கி என்பது அதன் பெயர்."

நீர்மொழி வழங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தது. கரும்பாறை போன்ற ஒரே பெட்டி. தேனடைபோல் மெல்ல முரன்றுகொண்டிருந்தது.

"சுவர் எங்கே, ஐயா? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே."

கண்ணுக்குத் தெரியும் சுவர் இல்லை என்று வரையன் விளக்கியது. வழங்கியினுள் ஒரு மேற்பார்வை நிரல் உண்டு. நினைவகத்தில் இவ்வளவு, செயலியின் உழைப்பில் இவ்வளவு என்று அது பங்கிட்டு அளிக்கும். ஒருவரின் பங்கை இன்னொருவர் தொட இயலாது. ஒவ்வோர் அறையும் தானே ஒரு முழு வழங்கி என்று எண்ணிக்கொள்ளும். சொன்னதோடு நில்லாமல், கடுவனையும் ஓர் அறைக்கு மாற்றி, நீர்மொழியின் அறையை மட்டும் ஒருமுறை அணைத்து மீண்டும் எழுப்பிக் காட்டியது. பக்கத்து அறையில் குரங்குகளின் காணொளி இமைப்பொழுதும் நிற்கவில்லை.

நீர்மொழி அலகை மூட மறந்து நின்றது. ஒரு பெட்டிக்குள் இத்தனை உலகங்களா? ஓர் உலகம் அணைந்து எழுவதை அடுத்த உலகம் அறியவும் இல்லையே!

வரையன் மேலும் ஒன்று கூறியது. "நீ பொதுக்கூடத்தில் இருந்தவரை கதவைப் பூட்டியவன் நான். இனிச் சாவி உன்னிடம் மட்டுமே இருக்கும். பூட்டவேண்டியதும் நீயே."

நீர்மொழி தலையசைத்தது. ஆயினும், கூழைக்கடாக்கள் ஒரே மரத்தில் நூறு கூடு கட்டும் இனம். கூட்டை மூடுவதும், வருவோரை யார் என்று வினவுவதும் அவற்றிடையே வழக்கமில்லை. ஏரியைக் கண்ட பறவை எதுவாயினும் வந்து எழுதட்டும் என்று அது தன் அறையைச் சாவியின்றித் திறந்தே வைத்தது. ஆறு நாள்கள் தளம் குறையின்றி இயங்கியது. குரங்குகள் வாழைப்பழப் போட்டியும் நடத்தின, தளம் தளரவில்லை.

அக்டோபர் 31, நண்பகல். நீர்மொழி தளத்தைத் திறந்து பார்த்தது. நீருள்ள ஏரிகளெல்லாம் வறண்டவை என்று மாறியிருந்தன. முள்ளிப்பள்ளம் என்னும் வறண்ட ஏரி மட்டும் நிறைந்திருப்பதாக எழுதப்பட்டிருந்தது. திருத்த முயன்றால் அறை திறக்கவில்லை. யாரோ உள்ளே புகுந்து வேறு பூட்டுப் போட்டிருந்தார்கள். முள்ளிப்பள்ளத்தின் கரையில் நரி ஒன்று தன் சுற்றத்தாரோடு வந்து அமர்ந்திருப்பதாகக் காகங்கள் தெரிவித்தன.

நீர்மொழி குகைக்கு விரைந்தது. சுவர் பொய்த்துவிட்டதே என்று கதறியது.

"சுவர் பொய்க்கவில்லை, அம்மா. உன் அறைக்குள் புகுந்த நரியால் பக்கத்து அறைக்குள் மூக்கைக்கூட நுழைக்க முடியவில்லை, பார். திறந்திருந்தது உன் கதவு" என்றது வரையன்.

அறையின் சாவி தன்னிடம் இல்லை என்றும், அறையை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று அமைக்க மட்டுமே தன்னால் இயலும் என்றும் அது கூறியது. நீர்மொழி இசைந்தது. யானை மும்முறை காதசைக்கும் நேரத்தில் பழைய அறை இல்லாமற்போயிற்று. புதிய அறை பிறந்து நின்றது. ஒரு கல்லும் அசையவில்லை. துயரத்தின் நடுவிலும் நீர்மொழி வியந்தது.

ஆனால் புதிய அறை வெறுமையாக இருந்தது. நாற்பத்தோர் ஏரிகளையும் மீண்டும் எழுதவேண்டும். மணியோ மூன்று. நீர்மொழி தன் நீண்ட அலகால் ஓர் எழுத்தைத் தட்டினால் மூன்று எழுத்துகள் விழுந்தன.

வேடிக்கை பார்க்க வந்த கடுவன் சிறிது நேரம் பொறுத்தது, பிறகு பொறுக்கவில்லை. "அக்கா, இந்த அலகை நம்பினால் வாத்துகள் அடுத்த ஆண்டுதான் இறங்கும். தள்ளி உட்கார். நீ சொல், நான் தட்டுகிறேன்."

"முதலில் பூட்டு. ஏரிகள் பிறகு" என்றது நீர்மொழி.

பூட்டியபின் இரண்டும் எழுதத் தொடங்கின. முப்பத்தெட்டு ஏரிகளை நீர்மொழி அவ்வாரம் தன் கண்ணாலேயே கண்டிருந்தது. காணாத மூன்றுக்கு 'தெரியாது' என்று எழுதச் சொன்னது. ஏதாவது ஒன்றை எழுதிவிடலாமே என்றது கடுவன், நீர்மொழி இணங்கவில்லை. தளத்தின் முகவரியை வரையன் புதிய அறைக்குத் திருப்பியபோது, ஐந்து மணிக்கு நான்கு நிமிடங்கள் இருந்தன.

மறுநாள் விடியலில் வடவானம் கறுத்தது. மேகம் என்று எண்ணிய குரங்குகள் மரத்தடியில் ஒதுங்கின. அது மேகமன்று. வரிவரியாக, ஓசை ஏரியை அதிரச்செய்ய, பத்தாயிரம் வாத்துகளும் குஞ்சுகளோடு நெடுங்கரை ஏரியில் இறங்கின. கடுவனும் மரத்தடியை விட்டு வெளியே வந்து பார்த்தது.

நரி முள்ளிப்பள்ளத்தில் மூன்று நாள் காத்திருந்து, நான்காம் நாள் வேறு காட்டுக்குப் போயிற்று. நீர்மொழி ஏழு பறவைகளுக்கு மட்டும் எழுதும் உரிமை அளித்து, ஏழுக்கும் தனித்தனிச் சாவி கொடுத்தது. நாள்தோறும் காலையில் பூட்டைச் சரிபார்த்தது. வாத்துகள் பங்குனி வரை தங்கியிருந்து வடக்கே திரும்பின.

தனக்கெனத் தனியிடம் பெற்றவர், அதன் கதவைக் காக்கும் கடமையையும் அன்றே பெற்றுவிடுகிறார்.