பத்தாம் நம்பர்

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு அறுபத்தெட்டு. நரைத்த பிறகுதான் குருவாகலாம் என்று யாரும் சட்டம் போட்டுவிடவில்லை.

சிங்காநல்லூரில் ஒரு மாடியறையில் நஸீமா டீச்சர் ஆங்கில வகுப்பு நடத்தினாள். இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நடுவே, பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பொன்னுரங்கமும் வந்து உட்காருவார்.

அன்று எல்லோரும் போன பிறகு அவர் ஒரு தாளை நீட்டினார்.

வியாழக்கிழமை அவருக்கு இருதய ஆபரேஷன். மனைவி மயிலாத்தாளுக்கு ஞாபகம் தப்பிப்போய்க் கொஞ்ச காலம் ஆகிறது. மயிலாத்தாளைப் பார்த்துக்கொள்ள மிசோரத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அதனால் செய்ய வேண்டியதையெல்லாம் நம்பர் போட்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

“நம்பருக்குப் பின்னால புள்ளி வெக்கோணுங்களா, அடைப்பு போடோணுங்களா டீச்சர்?”

“எதுன்னாலும் சரிங்கய்யா. முதல்ல புள்ளி வெச்சா கடைசி வரைக்கும் புள்ளிதான்.”

“வரி முடியற எடத்துல?”

“முழு வாக்கியம்னா முற்றுப்புள்ளி. ஒண்ணு ரெண்டு வார்த்தைன்னா வேண்டாம்.”

அவர் தலையாட்டினார். டீச்சர் தாளைப் படித்தாள். மாத்திரை, காப்பி, வெந்நீர்க் குளியல், இட்லியைப் பிய்த்துக் கொடுப்பது. ஒன்பதாவதில் நின்றாள்.

‘ஐயா கடைக்குப் போயிருக்காருங்க, இப்ப வந்துருவாருங்க.’ அது மட்டும் தமிழ், ஆங்கில எழுத்தில்.

“இது எதுக்குங்க?”

“நான் எங்கேன்னு கேப்பா. அந்தப் புள்ளை இதை அப்படியே படிச்சுச் சொன்னாப் போதும். அடங்கிருவா.”

“எப்பக் கேப்பாங்க?”

“எப்ப வேணாலும். கேட்டுட்டேதான் இருப்பா.”

“ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு செய்யறதுக்குத்தானுங்க நம்பர். நேரங்காலம் இல்லாததுக்கு எதுக்கு?”

ஒன்பதை அடித்துவிட்டு, அந்த வரியைத் தாளின் உச்சியில் நம்பர் இல்லாமல் பெரிதாக எழுதினாள். பொன்னுரங்கத்துக்கு அது பிடித்திருந்தது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடியில் பத்து என்று இருந்தது. எதிரே ஒன்றுமில்லை.

“இதை எழுதலீங்களா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“நான் திரும்பி வரலைன்னா அவகிட்ட என்ன சொல்றதுன்னு எழுதோணும். இங்கிலீஷ் வரமாட்டேங்குது டீச்சர்.”

“தமிழ்ல சொல்லுங்க. நான் மாத்தி எழுதறேன்.”

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். தமிழும் வரவில்லை.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. பேனாவை எடுத்துப் பத்தையும் அடித்தாள்.

“இதுக்குத் தனி நம்பர் வேண்டாங்கய்யா. அப்பவும் அம்மா நீங்க எங்கேன்னுதான் கேப்பாங்க.”

“கேட்டா?”

“நீங்க கடைக்குத்தான் போயிருப்பீங்க.”