டெம்பரரிக்கு ஓர் உதாரணம்

நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த அந்த நாட்களில், எங்கள் பியூன் வெயிலுமுத்து பதினேழு வருஷமாக டெம்பரரி. புதிதாக வந்த தாசில்தார் சாம்பசிவத்துக்கு இங்கிலீஷ் கர்வம் ஜாஸ்தி. ஒருநாள் எங்கள் எல்லோர் முன்னாலும் வெயிலுமுத்துவை நிறுத்தினார்.

“டெம்பரரின்னா என்னன்னு தெரியுமாய்யா? லத்தீன்ல டெம்பஸ்னா காலம். கொஞ்ச காலம் இருந்துட்டுப் போறவன் டெம்பரரி. உன்னைத் தவிர இந்த ரூமுக்குள்ள இன்னொரு உதாரணம் காட்டு பார்ப்போம். காட்டாட்டா நாளையிலிருந்து வராதே.”

கிளார்க்குகள் சிரித்தார்கள்.

வெயிலுமுத்து தோள் துண்டால், தாசில்தார் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய பலகையைத் துடைத்தார். முன்பிருந்த தாசில்தார்களின் பெயர்கள், ‘முதல்’, ‘வரை’ என்று தேதிகளோடு, அவரே பெயிண்டில் எழுதியவை.

“பதினோரு உதாரணம் இருக்குய்யா. பன்னிரண்டாவது உங்க பேரு. ‘முதல்’ எழுதிட்டேன். ‘வரை’க்கு இடம் விட்டிருக்கேன்.”

சிரிப்பு நின்றது. சாம்பசிவம் திரும்பி, பலகையில் தன் பெயரைப் படித்தார். பிறகு, “டீ வாங்கிட்டு வாய்யா, உனக்கும் சேர்த்து” என்றார்.

இரண்டு வருஷத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. அந்தக் காலியிடத்தை நிரப்ப வெயிலுமுத்து பிரஷ்ஷோடு ஸ்டூலில் ஏறினார். ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றது சாம்பசிவம்தான்.