கெட்டிமேளத்தின் படம்

"சத்தம் வந்தா படம் நிக்குது, டீச்சர். படம் ஓடினா சத்தம் விக்குது."

சொன்னவர் ஆவுடையப்பன். முப்பது வருஷம் மைக் செட் போட்ட ஆள், வயது ஐம்பத்து நாலு. டீச்சர் ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு. கம்ப்யூட்டர் திரையில் பெட்டி பெட்டியாக வரைந்து, பெட்டிக்குப் பெட்டி வயர் இழுத்து இசை செய்யப் பாளையங்கோட்டையில் கற்றுக்கொடுக்கிறாள். வயர் என்றதும் அண்ணாச்சி குஷியாகச் சேர்ந்துவிட்டார். யார் காலிலும் மிதிபடாத வயர் அல்லவா.

ஆனால் வந்த காரணம் வேறு.

மகள் பிரமுவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுவார்களாமே, அதைப் பார்க்க வேண்டும்.

மகள் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கத்தான் வேண்டும். மணமேடைக்கு எதிரே திரை கட்டி, மேளச் சத்தத்தை அலை அலையாக ஓடவிடுவது என்று மனுஷர் முடிவு செய்தார்.

பழைய கல்யாணம் ஒன்றின் பத்து நிமிஷ மேளத்தை வைத்து ஒத்திகை நடந்தது. ஒரு நொடிச் சத்தம் கம்ப்யூட்டருக்குள் நாற்பத்து நாலாயிரம் எண். பத்து நிமிஷம் இரண்டரைக் கோடியைத் தாண்டும். ஒன்றுவிடாமல் வரையச் சொன்னார். கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டி, தவில் திக்கியது.

ஜெசிந்தா கேட்டாள்: "திரையோட அகலம் எத்தனை புள்ளி, அண்ணாச்சி?"

"எண்ணூறு."

அவ்வளவுதான். அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

அண்ணாச்சி முனகிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். பாதி வழியில் பொறி தட்டியது. இரண்டரைக் கோடியையும் எண்ணூறு கட்டாகப் பிரித்தார். கட்டிலுள்ள எண்களைக் கூட்டி, வகுத்து, சராசரிக்கு ஒரு புள்ளி வைத்தார். படம் சிட்டாய்ப் பறந்தது. சத்தமும் திக்கவில்லை.

பெருமையாக பிரமுவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, விரல்களால் கேட்டாள்: மேளக்காரங்க இன்னும் வரலையா?

திரையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரே நேர்கோடு. மேலே ஏறுகிற அளவுக்குக் கீழேயும் இறங்குவதுதான் சத்தம். கூட்டினால் பூஜ்யம். மனுஷருக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் டீச்சர் முன்னால் போய் நின்றார். நாளைக்கு முகூர்த்தம், என் பிள்ளைக்கு நான் வெறுங்கோட்டையா காட்டுறது என்று புலம்பினார்.

ஜெசிந்தா மேஜையில் கிடந்த அன்றைய பேப்பரை அவர் பக்கம் தள்ளி, ஒரு மூலையில் விரலை வைத்தாள்.

"வாசிங்க."

"அதிகபட்சம் முப்பத்தெட்டு. குறைந்தபட்சம் இருபத்தேழு."

"நேத்து முழுக்க அடிச்ச வெயிலுக்கு ரெண்டே எண்ணுதானா, அண்ணாச்சி?"

"அது போதுமே. எம்புட்டு ஏறிச்சு, எம்புட்டு இறங்கிச்சுன்னு..."

வாய் பாதியில் நின்றது.

கட்டுக்கு ஒரு புள்ளி இல்லை. கட்டின் உச்சத்திலிருந்து அடி வரைக்கும் நெட்டாக ஒரு கோடு. எண்ணூறே கோடு.

பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஓடினார், செருப்பைக்கூட மாட்டவில்லை. டீச்சர் இன்னும் வாசிக்காத பேப்பர் அது.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் சத்தம் விக்கவில்லை. நாதஸ்வரத்துக்குக் குட்டிக் குட்டிக் கோடுகள் திரையில் ஊர்ந்தன. பிரமு தலையைக் குனியவே இல்லை. பொண்ணு இப்படியா நிமிர்ந்து உட்காரும் என்று சொந்தக்காரர்கள் குசுகுசுத்தார்கள். குசுகுசுத்துவிட்டுப் போகட்டும்.

ஐயர் விரலை உயர்த்தினார்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்."

திரை மேலிருந்து கீழ்வரை நிறைந்தது. எல்லாரும் தாலியைப் பார்க்க, ஆவுடையப்பன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரமு சிரித்துக்கொண்டே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.