இருபத்தெட்டுக் குமிழிகள்

“மேடம், இந்தச் செடியும் எங்க பேச்சி மாதிரியே அழிச்சாட்டியம் பண்ணுது” என்றார் மாசிலாமணி.

அவர் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துபவர். அவருடைய பள்ளியில் ஆய்வகம் என்று ஒன்று கிடையாது. தானே செய்து பார்க்காத சோதனையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அவருக்கு மனசு வராது. அதனால் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிக் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்துவிடுவார்.

அங்கே பேராசிரியை தாஹிராதான் அவருக்குக் குரு. குருவுக்குச் சீடரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. அதில் இருவருக்கும் கூச்சமில்லை.

“செடி என்ன பண்ணுச்சு சார்?”

பீக்கர் தண்ணீருக்குள் ஒரு ஹைட்ரில்லாத் தண்டு நின்றது. வெட்டிய நுனியிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன.

“விளக்கைக் கிட்ட நகர்த்த நகர்த்த ஒளிச்சேர்க்கை கூடணும்ல? முதல்ல கூடுச்சு. நிமிஷத்துக்குப் பத்து குமிழி, பதினெட்டு, இருபத்தெட்டு. அதோட சரி. இப்ப விளக்கை அது மூஞ்சியிலயே வச்சிட்டேன். அசைய மாட்டேங்குது.”

“பேச்சி என்ன பண்ணுனா?”

மாசிலாமணியின் முகம் வாடிவிட்டது. வகுப்புப் பிள்ளைகளில் பேச்சி என்றால் அவருக்கு உயிர்.

“நல்லாப் படிச்ச பிள்ளை மேடம். காலாண்டுல கொஞ்சம் இறங்கிட்டா. பெயிலானா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு அனுப்பிருவேன்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க. நான் விடுவேனா? தினம் மத்தியானம் டெஸ்ட் வைக்கிறேன். ஏறவே மாட்டேங்குது. போன வாரத்துலருந்து ரெண்டு டெஸ்ட்டாக்கிட்டேன்.”

பெருமூச்சு விட்டார்.

“இதைவிடப் பெரிய விளக்கு இருக்கா மேடம்?”

தாஹிரா விளக்கை ஒரு சாண் பின்னால் இழுத்து வைத்தாள்.

“ஐயையோ, உள்ளதும் போயிரும்!”

“அஞ்சு நிமிஷம் கழிச்சு எண்ணுங்க.”

எண்ணினார். இருபத்தெட்டு. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை எண்ணினார். அதே இருபத்தெட்டு.

“அப்ப இவ்வளவு நேரம் நான் கொட்டுன வெளிச்சம்?”

“ம்.”

அவள் ஒரு ஸ்ட்ராவை எடுத்து நீட்டினாள்.

“தண்ணிக்குள்ள மெதுவா ஊதுங்க.”

கன்னம் உப்ப ஊதினார். மூச்சு முட்டும்வரை ஊதினார். தண்ணீர் அடங்கட்டும் என்று அவள் கையமர்த்தினாள். அதற்குப் பிறகு எண்ணத் தொடங்கியவர் முப்பதைத் தாண்டியதுமே எழுந்து நின்றுவிட்டார்.

“நாப்பத்தொண்ணு மேடம்! விளக்கைத் தொடவே இல்லையே!”

அந்தக் குதூகலத்தைப் பார்த்துத் தாஹிராவுக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு சீடர் யாருக்குக் கிடைப்பார்?

“அப்ப கார்பன் டை ஆக்சைடுதான் போதலை மேடம். என் மூச்சுல இருந்து கொஞ்சம் கிடைச்சிருக்கு. வருஷாவருஷம் நானே நடத்துற பாடம் மேடம் இது...”

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். கையில் ஸ்ட்ரா அப்படியே இருந்தது.

“மேடம், பேச்சிக்கு எது போதலை?”

“எனக்கு எப்படித் தெரியும் சார்? செடிக்குப் பேச வராது, அதான் ஊதிப் பார்த்தோம். பேச்சிக்கு வாய் இருக்குல்ல?”

திங்கட்கிழமை மத்தியான மணி அடித்தது. பேச்சி வழக்கம்போல் பரீட்சை அட்டையும் பேனாவுமாக அவர் மேசை முன்னால் வந்து நின்றாள்.

மாசிலாமணி கேள்வித்தாளைத் தரவில்லை.

“உனக்கு என்னம்மா போதலை? சொல்லு. சார் கோவிக்க மாட்டேன்.”

அவள் தலைகுனிந்தாள். சொன்னால் சார் மனசு நொந்துபோவாரே என்று தயங்கினாள். அவரோ விடுவதாக இல்லை.

“டெஸ்ட் முடிஞ்சு நான் போறதுக்குள்ள சத்துணவுல சோறு தீந்துருது சார்.”