பாறையை மரத்துல ஏத்தின தேவாங்கு

வால்முறுக்கின்னு ஒரு கொரங்கு. மலையிடுக்குல பெரிய காத்தாடி ஒண்ணு வச்சிருந்தான். காத்தாடி சுத்தினா கீழ திருகை சுத்தும். காட்டுக்கே தினை அரைக்கிறது அங்கதான்.

ஆடிக்காத்து ஓயவே இல்ல. அப்போதைக்கு வேண்டிய தினையெல்லாம் அரைச்சாச்சு. காத்தாடி சும்மா சுத்துது.

மரத்துலேர்ந்து தேவாங்கு கண்ண உருட்டுச்சு. "அண்ணே! வீணாத்தானே சுத்துது? ரெண்டு பாறைய கொடியில கட்டி மரத்து உச்சிக்கு இழுக்க விடுவோமே! காத்து நின்னா, பாறை எறங்குற வேகத்துல திருகை சுத்தும்!"

"பாறைய ஊறுகா போடப்போறியா?"ன்னு சிரிச்சான் வால்முறுக்கி.

"மாவாவே அரைச்சு வச்சுட்டா?"ன்னுச்சு அணில்.

போன வருஷம் வச்சாங்களே! மாவு பூரா வண்டு. அத அள்ளித் தின்ன காட்டுப்பன்னி, "வயித்துக்குள்ள யாரோ பாடுறாங்க"ன்னு காடெல்லாம் ஓடுச்சு பாருங்க... அது பெரிய கதை, விடுங்க.

கடைசியில, "ஏத்தித் தொலை!"ன்னான் வால்முறுக்கி. காத்தாடி இழுக்க இழுக்க, ரெண்டு பாறையும் உச்சிக்குப் போச்சு.

ஐப்பசியில கரடியம்மா பொண்ணுக்குக் கல்யாணம். அன்னிக்கே அரைச்ச தினைமாவுல தேன் பெசைஞ்சு மாப்பிள்ளைக்கு ஊட்டினாத்தான் கரடிங்க மாலை மாத்தும். அன்னிக்குன்னு பாத்து ஒரு இலை அசையல!

"பொழுது சாஞ்சா நாங்க கெளம்பிருவோம்!"னு மாப்பிள்ளையோட அத்தை மொறைச்சா.

"ஐயோ, எம்பொண்ணு!"னு கரடியம்மா அழுதா.

"பாறை இருக்கே, கரடியம்மா!"ன்னு தேவாங்கு மெல்லமா கொடிய புடிச்சுச்சு.

"நகருடா! நீ எறக்குறதுக்குள்ள பேரனுக்கே கல்யாணம் வந்துரும்!" வால்முறுக்கி படக்குனு ஒரு பாறையோட கொடிய விட்டான்.

தொம்! திருகை பேய் மாதிரி சுத்துச்சு. தினை அரைபடாம நாலா பக்கமும் தெறிச்சுச்சு. மாப்பிள்ளை மூக்குல பாதி! "அச்ச்ச்!"

மிச்சம் ஒரே பாறை. வால்முறுக்கிக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

"தம்பி, நீயே விடு!"ன்னு கும்பிட்டா கரடியம்மா.

தேவாங்கு புடிச்சா உடும்புப்புடி, விட்டா ஆமை நடை. கொடிய கொஞ்சங் கொஞ்சமா விட்டுச்சு. கர்ர்... கர்ர்... மாவு பூவாட்டம் கொட்டுச்சு! மாப்பிள்ளை ஒரு உருண்டைய முழுங்கிட்டு, மாலைய மறந்து ரெண்டாவதுக்கு வாயத் தெறந்தாரு!

வால்முறுக்கி தேவாங்கைத் தோள்ல தூக்கிவச்சு ஆடினான். "அண்ணே, மெதுவா ஆடுங்க!"ன்னு அது கத்த, காடே சிரிச்சுச்சு.

காத்துள்ளபோதே தூத்திக்கிட்டா மட்டும் போதாது கண்ணுங்களா, காத்தில்லாத நாளுக்கும் எடுத்து வைக்கணும், வச்சத அளவா விடவும் தெரியணும்.