செவலையும் கொடிமுந்திரியும்

அந்தக் காலத்தில், விலங்குகள் பேசிக்கொண்டும் மனிதர்கள் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டும் இருந்தபோது, மலையடிவாரத்துக் காட்டில் எந்தப் பழம் புதிதாகப் பழுத்தாலும் முதலில் செவலையிடம்தான் கொண்டுவருவார்கள். செவலை ஒரு பெண்நாய். அவள் மூக்கு சொன்னால் அதுதான் தீர்ப்பு. அரளிக்காயை முகர்ந்து "வேண்டாம்" என்றாள். அதோடு காட்டில் யாரும் அரளிப் பக்கம் போகவில்லை.

ஒரு வருடம் கொடிமுந்திரி முதன்முதலாகக் காய்த்துப் பழுத்தது. திராட்சை என்ற பெயர் அதற்குப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. மந்தி ஒரு குலையைப் பறித்து வந்தாள். செவலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகர்ந்தாள், கண்ணை மூடி இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"குத்தம் ஒண்ணும் இல்லை. தின்னலாம்."

காடே தின்றது. செவலையின் குட்டிகளில் மற்றவை ஏதோ ஒரு தோல்துண்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. நெற்றியில் வெள்ளை விழுந்த கடைக்குட்டி பொட்டு மட்டும் மென்று தின்னக்கூடத் தெரியாமல் ஒரு குலையை அப்படியே விழுங்கியது.

பொழுது சாய்வதற்குள் வாந்தி. மறுநாள் அது தண்ணீரைப் பார்த்தும் எழவில்லை. பிறகு மூத்திரம் நின்றது. அதன்பின் பொட்டு நெடுநேரம் இருக்கவில்லை.

செவலை அழுவதை ஒத்திவைத்துவிட்டு விசாரிக்கக் கிளம்பினாள்.

"நான் குலைகுலையாத் தின்னேன்," என்றது கரடி. "ஏப்பந்தான் வந்துச்சு."

"எம்புள்ளைங்க இன்னும் வேணும்னு அழுவுதுங்க," என்றாள் மந்தி. "உன் மூக்குதானேக்கா சரின்னு சொல்லுச்சு?"

செவலை கொடியிடம் போனாள்.

"எம்புள்ளைக்கு என்னத்தக் கொடுத்த?"

"எல்லாருக்கும் கொடுத்ததைத்தான்," என்றது கொடி. "உங்க இனத்து வயித்துக்கு நான் ஒத்துக்கல. அதுக்கு நான் என்ன செய்ய?"

"அப்ப எனக்காவது தெரியற மாதிரி நாறு."

"நாறினா குருவி வராது. குருவி வரலேன்னா என் விதை எப்படி ஊரைச் சுத்தும்?"

"சரி, வெயில்ல வத்தி உலர்ந்தா?"

"காஞ்சாலும் நான் நான்தான்."

செவலை கீழே கிடந்த ஒரு பழத்தை மறுபடி முகர்ந்தாள். இனிப்பு, பனி ஈரம், கொஞ்சம் மண். வேறெதுவும் இல்லை. தன் மூக்குக்கும் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மிச்சக் குட்டிகளை விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தாள். கொடி ஒவ்வொன்றின் அடியிலும் தன் நீரைவிட்டு அடையாளம் வைத்தாள். மழை வந்து கழுவியது. மறுபடி வைத்தாள். மறுபடி மழை. (நாய்கள் கண்ட மரத்தடியிலும் நின்றுவிட்டுப் போவதற்கு அறிஞர்கள் வேறு காரணம் சொல்வார்கள், சொல்லட்டும்.) மழை விட்டதும் குட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு கொடியடியிலேயே போய் நின்றன.

காட்டோரத்தில் கல்தூண் நட்டு, அந்தக் கொடிகளைப் பந்தலில் ஏற்றி வளர்த்தவள் ஒச்சம்மாள் என்ற மனுஷி. மனிதர்களுக்கு மூக்கு மட்டம். பக்கத்தில் புலி நின்றாலும் தெரியாது. ஆனால் ஒருத்தி பட்டதை ஊரே வாய்மாற்றி வாய் சொல்லிக் காலத்துக்கும் வைத்திருக்கும். செவலை அதைக் கவனித்திருந்தாள். நேரே அவள் வாசலுக்குப் போனாள்.

"ஒச்சம்மா, இனிமே நான் இங்கதான் படுப்பேன். பாம்போ திருடனோ, எது வந்தாலும் என் மூக்கு உனக்குச் சொல்லும்."

"சும்மாவா சொல்லும்?"

"கொடிமுந்திரி எம்புள்ளையைக் கொன்னுடுச்சு, என் மூக்குக்கு அது தெரியல. அப்படித் தெரியாததை நீ தெரிஞ்சு வெச்சுக்கணும். எதையும் உன்னைக் கேட்டுத்தான் தின்பேன்."

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "காடே உன்னைக் கேட்டுத் திங்குது. ராங்கிக்காரி நீ, என்னைக் கேட்டுத் திம்பியாக்கும்?"

சொல்லிக்கொண்டே கறிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைச் சட்டியில் வைத்தாள். பொட்டு போனதிலிருந்து செவலை எதையும் தொட்டிருக்கவில்லை. வாயில் நீர் ஊறி ஒழுகியது. அவள் குனியவில்லை, தலையைத் தூக்கி ஒச்சம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

வேலியில் உட்கார்ந்திருந்த மந்தி கரடியை இடித்தாள். "பாருய்யா, நம்ம மூக்குக்காரி பிச்சை எடுக்கறா."

செவலையின் காது மடங்கியது. பார்வை நகரவில்லை.

ஒச்சம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். உட்கார்ந்து, சோற்றைக் கையால் துழாவிப் பார்த்தாள். "ஒண்ணும் கிடக்கல. தின்னு." செவலை தின்று முடிக்கும்வரை ஒச்சம்மாள் எழவில்லை. பிறகு, "உன் குட்டிங்க இப்படிக் காத்துக்கிட்டு நிக்காதே?" என்றாள்.

"நிக்காதுங்க. அதனாலதான் கொடிமுந்திரியை எட்டாத இடத்துல வைக்கச் சொல்றேன்."

ஒச்சம்மாள் முற்றத்தில் உலர்த்தியிருந்த பழத்தைப் பாயோடு சுருட்டிப் பரணில் ஏற்றினாள்.

அன்றிலிருந்துதான், வாசலில் யார் வந்தாலும் நாய் நமக்கு முன்னால் குரல் கொடுக்கிறது; நாம் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் வந்து நம் முகத்தையே பார்க்கிறது. நாம் அதைக் கெஞ்சல் என்கிறோம். பாயசத்தில் திராட்சை கிடக்கிறதா என்று அது கேட்கிறது.