சாக்கு நனைஞ்ச அன்னைக்கு

ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சாம். பொறந்த மறுநாளே அதோட அம்மா பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சு. ம் கொட்டு முத்தரசி. பெரியம்மா சுவத்துக்கிட்டயா கதை சொல்றேன்?

"ம்."

அப்புறம் குட்டிக்குப் பசி. ம்மே, ம்மேன்னு செவலை ஆட்டுக்கிட்டப் போச்சு. அது மோந்து பார்த்துச்சு. தன் குட்டி வாசம் இல்லைன்னதும் படார்னு ஒரு உதை. அப்புறம் கொம்பாட்டுக்கிட்டப் போச்சு. அது நங்குன்னு முட்டித் தள்ளிருச்சு. ஆடு அப்படித்தான்டி, மோந்து பார்த்துத்தான் பிள்ளையைச் சேர்க்கும். அதை வைஞ்சு பிரயோஜனம் இல்ல.

மூணாவதா ஒரு கருப்பாடு. அதோட குட்டி சீக்கு வந்து அன்னைக்குத்தான் செத்திருந்துச்சு. மடியில பால் கட்டி, படுக்க முடியாம கத்திக்கிட்டே நின்னுச்சு. அப்போ ஆடு மேய்க்கிற ராக்கம்மா என்ன பண்ணா, செத்த குட்டி படுத்திருந்த சாக்கை எடுத்து இந்தக் குட்டி மேல சுத்திக் கட்டிவிட்டா. கருப்பாடு மோந்துச்சு. தன் பிள்ளை வாசம். பேசாம காலை அகட்டி நின்னுச்சு. குட்டி சப்பு சப்புன்னு குடிச்சுச்சு.

"அது ஏமாத்துறதுதானே பெரியம்மா?"

ஏமாத்துறதுதான். வேற என்ன செய்வா அவ?

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு சடசடன்னு ஒரு மழை. கயிறு அவுந்து சாக்கு சேத்துல விழுந்து ஊறி, வாசமெல்லாம் போயிருச்சு. கருப்பாடு சாக்கை மோந்துச்சு, ஒண்ணுமில்ல. குட்டியை மோந்துச்சு, தன் குட்டி இல்ல. அப்போதான் தன் குட்டி போயிருச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சுது. ம்மேன்னு ஒரு கத்து கத்துச்சு பாரு, ராக்கம்மா காதைப் பொத்திக்கிட்டா. குட்டி கிட்டப் போகல. உதை விழும்னு தெரியும்ல? வேலியோரமா வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு நின்னுச்சு.

"அப்புறம்?"

கருப்பாடு மெல்ல வந்துச்சு. குட்டியை இன்னொரு தடவை மோந்துச்சு. மழை படாம அதை ஒட்டி நின்னுச்சு. குட்டி பயந்து பயந்து வாயை வச்சுது. ஆடு கத்திக்கிட்டேதான் பால் குடுத்துச்சு.

"தன் குட்டியை மறந்துருச்சா?"

எப்படி மறக்கும்? நான் உங்கம்மாவை மறந்துட்டேனா? என் கூடப் பொறந்தவ. செத்துட்டா மறந்துருமா? அந்தக் குட்டியும் அதோட அம்மாவை மறக்கல. பசிச்சா யார்கிட்டப் போகணும்னு மட்டும் அதுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"நான் நடுராத்திரியில முழிச்சு அம்மான்னு அழுதா?"

அழு. என்னையும் எழுப்பு. தூக்கம் கெட்டுச்சேன்னு வைவேன். வைஞ்சுக்கிட்டே எந்திரிச்சு வருவேன்.

கதை முடிஞ்சு படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடு.